காதுவரை இழுத்த நாண்

பெரிய சாலை இரண்டாகப் பிரியும் முனையில் ஒரு கண்ணாடிக் கடை. அங்கே சன்னல்களுக்கும் அலமாரிகளுக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பவரை அந்தத் தெருவில் எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘ஒருநூல்’ என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல். சட்டத்தைவிட ஒரு நூல் குறைத்துத்தான் கண்ணாடியை அறுக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். அச்சாக அறுத்துவிட்டால், மழைக்காலத்தில் மரம் உப்பிச் சட்டம் இறுகும். கண்ணாடி யாரும் தொடாமலே விரிசல் விடும். “எதுக்கும் ஒரு நூல் இடம் விடுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது.

“எங்க அத்தான் சாப்பிட்டு எழுந்திருச்சாக்கூட வயித்துல ஒரு நூல் இடம் விட்டுத்தான் எழுந்திருப்பார்” என்பான் அவருடைய மைத்துனன். பேருந்து ஓட்டுபவன், நாள் முழுவதும் பயணிகளிடம் அடக்கி வைத்த வாயை அக்காள் வீட்டில் வந்துதான் அவிழ்ப்பான்.

கண்ணாடிக் கடையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடப்பவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவன் திரும்புவான். அவன் திரும்பினால் கண்ணாடியும் திரும்பும். பிறகு நடப்பது எவர் கையிலும் இல்லை. கூரையே பற்றி எரிந்தாலும், சுற்றிக்கொண்டு போய் அவன் கண்ணெதிரே நின்று, அவன் பார்த்தானென்று தெரிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். இந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. சமையலறையில் இருக்கும் மனைவியை அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்துக் கூப்பிட்டதே கிடையாது. மெல்லப் போய் எதிரே நிற்பார்.

“ஏங்க, பேய் மாதிரி வந்து நிக்காதீங்க! ஒரு குரல் குடுத்தா வாய் தேஞ்சா போயிடும்?”

“கையில கத்தி வெச்சிருக்கே. கூப்பிட்டா திரும்புவே.”

“காய் நறுக்குறவளும் கண்ணாடி தூக்குறவனும் உங்களுக்கு ஒண்ணா?”

ஒன்றுதான் என்பதுபோல அவர் தலையாட்டுவார்.

அவள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் வார்டில் செவிலி. குருவிக் கால் பருமனே இருக்கும் கைகளில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவது அவள் வேலை. வலது கை குத்துகிறது என்றாலும், உண்மையான வேலை இடது கைக்குத்தான் என்பாள். குழந்தையின் மணிக்கட்டை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, அழுகையையும் உதறலையும் அந்தப் பிடியிலேயே உள்வாங்கிக்கொண்டு, அசையாமல் வைத்திருக்க வேண்டும். வார்டில் வேறு யாருக்கும் நரம்பு கிடைக்காத குழந்தைகளை அவளிடம்தான் கொண்டு வருவார்கள். தொட்டில்களின் மேல் குனிந்து குனிந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டபோது, தம்பிதான் அவளைத் தன் வில்வித்தைக் கழகத்துக்கு இழுத்துப் போனான். தோள் வலி போனது. வில் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. குறிபார்க்கும் கருவியோ வேறு துணைச் சாமானோ இல்லாத வெறும் மரவில். கையும் கண்ணும் ஒத்துழைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அவர் வில்லைத் தொட்டதில்லை. அம்பைத் தொட்டார். கழகத்தின் பொது அம்புகள் அவள் வில்லிலிருந்து கோணிக்கொண்டு போவதைக் கண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கேட்டு வாங்கி, மேசை விளிம்பில் வைத்து நடுவில் எடை தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம் அது. கொஞ்ச நாளில் கழகத்தில் பாதிப் பேர் அம்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வந்தார்கள்.

வில் பழகாதவர்களுக்கு ஒன்று வியப்பாக இருக்கும். நாணை விட்டுப் புறப்படும் அம்பு நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது. முன்னால் கனத்த முனை அசைய மறுக்கிறது. இடையில் அகப்பட்ட தண்டு வளைகிறது. வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு, நீரில் மீன் நெளிவதுபோல நெளிந்து, சற்றுத் தூரம் போன பிறகுதான் நிமிர்கிறது. வலக்கையால் நாண் இழுப்பவருக்குத் தண்டு மிகக் குழைவாக அமைந்தால் அம்பு வலப்பக்கம் ஒதுங்கும். மிக விறைப்பாக அமைந்தால் இடப்பக்கம். வாலில் இருக்கும் இறகு இந்தக் குற்றத்தைப் பூசி மெழுகிவிடும். ஆகையால் இறகு ஒட்டாத அம்பு ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து எய்து பார்ப்பார்கள். அதற்குப் பெயர் மொட்டை. மொட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது வலப்பக்கம் விழுந்தால், தண்டின் நுனியில் கொஞ்சம் அறுத்து நீளத்தைக் குறைப்பார்கள். குட்டையான தண்டு விறைக்கும்.

ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் அறுத்துவிட முடியாது. நாணை முழுவதும் இழுத்து நிறுத்தும்போது அம்பின் முனை வில்லுக்கு முன்னால் ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கு மேலே, அம்பு படுத்திருக்க ஒரு சிறு திட்டு இருக்கிறது. அம்பு குட்டையாகி, இழுப்பு நீண்டால், முனை அந்தத் திட்டைத் தாண்டிப் பின்பக்கம் விழுந்துவிடும். அந்த நிலையில் நாணை விட்டால், வில்லின் முழு விசையோடும் அம்பு போய்ப் பாயும் இடம் வில்லைப் பிடித்திருக்கும் கை.

‘எட்டு நூல் இடம்’ என்று கழகத்தில் எல்லோருக்கும் இதை மனப்பாடம் செய்வித்தவர் அவரேதான்.

கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு அவள் தேர்வானபோது, வில் சாமான் விற்கும் கடையிலிருந்து வரவழைத்த அம்புத் தண்டுகள் ஒரு படி குழைவாக வந்து சேர்ந்தன. விறைப்பான தண்டும் இல்லை. முனையையாவது எடை குறைத்துச் சரிக்கட்டலாமென்றால் அதுவும் போட்டி முடிந்துதான் வருமாம். விடுமுறை நாளில், கண்ணாடிக் கடைக்குப் பின்னால் மரச்சட்டங்கள் அடுக்கிய நீண்ட முற்றத்தில், வைக்கோல் பலகையைச் சாத்தி வைத்து வேலையைத் தொடங்கினார்கள். அவள் எய்வாள், அவர் அறுப்பார், மைத்துனன் அம்பு பிடுங்கிக் கொடுத்துக்கொண்டே வாயடிப்பான்.

முதலில் மொட்டை மற்றவற்றுக்கு ஒரு சாண் வலப்பக்கம் போய்க் குத்தியது. இரண்டு நூல் அறுத்தார். நாலு விரல் தள்ளி நின்றது. இன்னும் இரண்டு நூல். இரண்டு விரல். அவர் சிறு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“போதும்.”

“என்ன போதும்? இன்னும் ரெண்டு விரல் தள்ளி நிக்குதே!”

“இதுக்கு மேல அறுத்தா இடம் இருக்காதும்மா. இப்பவே கணக்கா எட்டு நூல்தான் நிக்குது.”

“அத்தான், இடம் விட்டு இடம் விட்டே எங்க அக்காவை மேடைக்கு வெளியில நிக்க வெச்சிடுவீங்க போலிருக்கே” என்றான் மைத்துனன்.

“அவளுக்கு இருக்கிறது ரெண்டு கைதான் மாப்ள.”

“நான் என்ன இன்னிக்கு ஒரு இழுப்பு, நாளைக்கு ஒரு இழுப்பா இழுக்குறேன்?” என்றாள் அவள். “வாய் ஓரத்துல விரல் பட்டா நின்னுடுவேன். நீங்கதானே தண்டுல கோடு போட்டுப் பாத்தீங்க? என்னிக்காவது அந்தக் கோடு தாண்டியிருக்கேனா?”

தாண்டியதில்லை. அது அவருக்கு உள்ளூரப் பெருமை. கழகத்தில் மற்றவர்களின் இழுப்பு காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும். இவளுடையது மட்டும் பூட்டில் சாவி நிற்பதுபோல ஒரே இடத்தில் நிற்கும். அந்தப் பெருமைதான் அவர் கையில் மீண்டும் ரம்பத்தை எடுத்துக் கொடுத்தது. இரண்டு நூல் அறுத்தார். மொட்டை ஒரு விரல் தள்ளி நின்றது. இன்னும் இரண்டே இரண்டு நூல்.

மொட்டை, இறகு வைத்த இரண்டு அம்புகளுக்கு நடுவே, அவற்றின் தண்டில் உரசிக்கொண்டு போய்க் குத்தியது. உரசிய ஓசை முற்றத்துக் கடைசிவரை கேட்டது. அவள் வில்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளினாள்.

மற்ற தண்டுகளையும் அதே நீளத்துக்கு அறுத்து, இறகு ஒட்டி, அம்புக்குழலுக்குள் போட்டு மூடினார். போட்டியன்று புதிதாக எடுக்கட்டும் என்று அலமாரியின் மேல் வைத்தார். வில்லுக்கு முன்னால் நிற்கப்போவது எட்டு நூல் அல்ல, வெறும் நாலு நூல் என்பதை அவர் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவருக்குப் புதுக் கட்டடமொன்றில் சன்னல் மாட்டும் வேலை. அந்த மாலைகளில் அவருக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது. கழகத்தில் தபால்காரம்மா என்று ஒருத்தி. மிதிவண்டியில் நின்றால் விளக்குக் கம்பத்தோடு பேசலாம் போன்ற உயரம். கழகத்தின் முதல் வில்லாளி. அவள் இவளைப் பார்த்து, “தூர இலக்குக்கு உன் அம்பு தாழுதுடி. வாய் ஓரத்துல நிறுத்தாதே. காதுக்குக் கீழ வரைக்கும் இழுத்துப் பாரு” என்றாள். பொது அம்புகள் நீளமானவை. காதுவரை இழுத்தாலும் முனை தாராளமாக வெளியே நிற்கும். இழுத்துப் பார்த்தாள். இழுப்பு கூடியதும் பழைய கோணலும் போய், அம்பு கயிறு கட்டியதுபோல நடுவட்டத்தை நோக்கிப் போனது. மறுநாளும் போனது. வாரக் கடைசிக்குள் கை புது இடத்தில் பழகிவிட்டது. போட்டியன்று வீட்டுக்காரர் கண்ணால் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று அவள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆக, கணவனிடம் ஒரு நாலு நூல், மனைவியிடம் ஒரு காது. இரண்டும் ஒரே வீட்டில், ஒன்றுக்கொன்று முகம் காட்டாமல், அந்த வாரத்தைக் கழித்தன.

போட்டி காலையில் தொடங்கியது. புல்வெளியின் குறுக்கே வெள்ளைக் கோடு, கோட்டில் வில்லாளிகள், தூரத்தில் வைக்கோல் பலகைகள், பக்கவாட்டில் பார்வையாளர்களைத் தடுத்து ஒரு கயிறு. அவளுக்கு இடது ஓரத்துக் கடைசி இடம். புது அம்புகளை வீணாக்க மனமில்லாமல் பழைய பொது அம்புகளிலேயே கைப்பழக்கம் செய்துகொண்டாள். வண்டியை நிறுத்திவிட்டு அவர் கயிற்றருகே வந்து சேர்ந்தபோது, அவள் புதுக் குழலைத் திறந்துகொண்டிருந்தாள்.

நடுவரம்மா முன்பு ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். பயணச்சீட்டில்லாதவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் பார்வை இன்னும் போகவில்லை. ஊதலை ஒருமுறை ஊதினார். முதல் சுற்று, ஆளுக்கு மூன்று அம்பு.

அவள் முதல் அம்பைப் பூட்டி இழுத்தாள். கை வாயோரத்துக்கு வந்தது. நிற்கவில்லை. கன்னத்தைக் கடந்து, தாடை எலும்பின் ஓரமாகப் போய், காதுக்குக் கீழே நின்றது.

அவர் கண் தானாக வில்லின் முன்பக்கம் போனது. அங்கே பளபளவென்று நிற்க வேண்டிய முனையைக் காணவில்லை.

அம்பு போய்விட்டது. கூட்டத்தில் கைதட்டல். பக்கத்தில் மைத்துனன், “நடுவட்டம் அத்தான்! நடுவட்டம்!” என்று அவர் முதுகில் தட்டினான்.

“மாப்ள, முனையைப் பாத்தியா?”

“அதான் சொல்றேனே, நடுவட்டத்துல...”

“அம்பு போனதைக் கேக்கலை. இழுத்தப்போ. முனை வெளியில இருந்துச்சா?”

“நீங்க ஒருத்தர்தான் அத்தான், பொண்டாட்டி நடுவட்டத்துல அடிச்சா நுனியைத் தேடுவீங்க.”

தான் நின்ற கோணம் ஏமாற்றியிருக்கலாம். கண்ணாடிக்காரனுக்குக் கோணத்தின் சூழ்ச்சி தெரியும். ஒரு பக்கமாக நின்று பார்த்தால் நேர்சட்டமும் கோணலாகத் தெரியும். கயிற்றையொட்டி விறுவிறுவென்று நடந்து, வில்லுக்கு நேர் பக்கவாட்டில் வந்து நின்றார். அவள் முதுகுதான் தெரிந்தது; அம்பு படுத்திருக்கும் பக்கமும் அதுவே. இரண்டாவது அம்பு. வாயோரம், கன்னம், காது. இப்போது கோணத்தின் மேல் பழி போட வழியில்லை. முனை திட்டின் பின் விளிம்பில் நின்றது. இன்னும் ஒரு மிளகளவு இழுத்தாலும் உள்ளே விழுந்துவிடும். தோள் சூடேறச் சூடேற இழுப்பு நீளுமே தவிரக் குறையாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அம்பு போனது. கை பிழைத்தது.

அவர் நடுவரம்மாவை நோக்கி ஓடினார். ஓடிப் பழகாத உடம்பு. மூச்சு முன்னால் போய்ச் சொற்கள் பின்தங்கின.

“அம்மா... முனை... உள்ள போகுது... கடைசி ஆளு...”

“கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க.”

“கை போயிடும்மா அவளுக்கு...”

“கோட்டுல நிக்கிறவங்களுக்கு வெளியிலேர்ந்து யோசனை சொல்லக்கூடாது. அவங்க புள்ளிதான் போகும். போங்க சார்.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மூன்றாவது அம்பை இழுத்து முடித்திருந்தாள்.

கூப்பிடலாம். இருபதடி தூரம், ஒரு சத்தம் போட்டால் கேட்கும். கேட்டால் அவள் அதிர்வாள். அதிர்ந்தால் விரல் நழுவும். விரல் நழுவினால் நாண் போகும். நடுவரம்மாவும் ஏதோ கோளாறு என்று உணர்ந்து ஊதலை உதட்டுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார். அந்த ஊதலுக்கும் அதே விளைவுதான். அவர் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கண் கெஞ்சியது. எத்தனையோ பேருடைய பொய்யையும் மெய்யையும் முகத்திலேயே படித்துப் பழகிய அந்தப் பெண்மணி, ஊதலை உதட்டில் வைத்தபடியே மூச்சை நிறுத்திக்கொண்டார்.

அவர் கயிற்றைத் தாண்டினார். அவளைத் தாண்டி, வெள்ளைக் கோட்டையும் தாண்டி, அம்புகள் பறக்கும் புல்வெளியின் ஓரத்தில், அவள் கண்ணில் படும் இடத்தில் போய் நின்றார். ஓடவில்லை. கடையில் கண்ணாடி தூக்கியவன் எதிரே போய் நிற்கும் அதே நடை. கோட்டில் நின்ற மற்றவர்கள் புல்வெளியில் ஓர் ஆளைக் கண்டதும் ஒவ்வொருவராக வில்லைத் தாழ்த்தினார்கள். தபால்காரம்மா ஏதோ திட்டியது காதில் விழுந்தது.

மனைவியின் கண் இலக்கிலிருந்து அவர் மேல் வந்தது. இழுத்த கை இழுத்தபடியே நின்றது.

அப்போதுதான் கண்டார். முனை திட்டை விட்டு விழுந்திருந்தது. இடது கையின் கட்டைவிரல் அடியில், தோலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“விடாதே” என்றார், வீட்டில் பேசுகிற குரலிலேயே. “நாணை விடாதேம்மா. முனை உன் கை மேல இருக்கு.”

அவள் முகத்தில் நிறம் போனது. அவளுக்கும் முனையின் குளிர்ச்சி இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மெதுவாகத் தளர்த்தவும் வழியில்லை. நாண் முன்னால் வரவர முனையும் முன்னால் வந்து கைக்குள் இறங்கும். இழுத்தபடியே நின்றுகொண்டிருக்கவும் முடியாது. தோள் நடுங்கத் தொடங்கிவிட்டது.

“என்ன... பண்ண...”

“வில்லோட தலையை இடப்பக்கமாச் சாய். மெதுவா. இன்னும். அம்பு கையை விட்டு வெளியில தொங்கட்டும்.”

வில் சாய்ந்தது. அம்பு அசையவில்லை. முனை தோலில் ஒட்டிக்கொண்டிருந்தது போலிருந்தது. அவளுடைய முழங்கை மேலும் கீழுமாக ஆடியது. அவர் கை நீட்டி அம்பைத் தட்டிவிட இரண்டடி எடுத்து வைத்தார்.

“கிட்ட வராதீங்க!” பற்களுக்கிடையிலிருந்து வந்தது குரல். “விட்டுட்டா உங்க வயித்துல...”

அவர் நின்றார். “சரி. வரலை. இன்னும் சாய். குழந்தை கையைத் திருப்புவியே, அந்த மாதிரி.”

மணிக்கட்டு திரும்பியது. முனை தோலைக் கீறிக்கொண்டு நழுவி, கையை விட்டு விலகி, வில்லின் இடப்பக்கம் வெட்டவெளியில் தொங்கியது.

“இப்ப இறக்கு. நாணோட சேர்ந்து வா. விடாதே, சேர்ந்து வா.”

நாண் அங்குலம் அங்குலமாக முன்னால் வந்தது. அம்பு யார் மேலும் படாமல் காற்றில் முன்னேறி, நாண் நேரானதும் புல்லில் விழுந்தது. அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவரம்மாவின் ஊதல் இப்போதுதான் ஒலித்தது, நீளமாக.

கட்டைவிரல் அடியில் ஒரு சிவப்புக் கோடு. அதன் மேல் இரண்டு மணி ரத்தம். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், நோயாளியின் கையைச் சோதிப்பதுபோல. ஐந்தும் மடங்கின. அதன் பிறகுதான் வாய் திறந்தது.

“எத்தனை நூல் விட்டீங்க?”

அவர் புல்லைப் பார்த்தார். “நாலு.”

“நாலா! ஊருக்கெல்லாம் எட்டு, பொண்டாட்டிக்கு நாலா?”

“மொட்டை நேரா போகணும்னு நீதானே நின்னே? நீ எங்க இழுத்தே இன்னிக்கு?”

“காதுக்கு.”

“என்னிலேர்ந்து?”

இப்போது அவள் புல்லைப் பார்த்தாள். “இந்த வாரம்தான். உங்களுக்குக் காட்டலாம்னு...”

“நல்லாக் காட்டினே.”

கயிற்றைத் தாண்டி ஓடிவந்த மைத்துனன் இருவருக்கும் நடுவே குந்தினான். அவன் உதடு இன்னும் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “நல்லா இருக்கு குடும்பம். மத்த வீட்டுல எல்லாம் பூரிக்கட்டையோட நிறுத்திக்குவாங்க.”

“வாயை மூடுடா” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

நடுவரம்மா வந்து கையைப் பார்த்தார்; அம்பையும் எடுத்துப் பார்த்தார். சட்டம் சட்டம்தான், வெளியாள் களத்தில் இறங்கியதால் அந்தச் சுற்றில் அவளுக்குப் புள்ளி கிடையாது, அந்த அம்புகளுக்கும் இன்று அனுமதி கிடையாது. “வேற அம்பு இருந்தா மிச்சச் சுற்று ஆடலாம். ஆடணும்னு கட்டாயம் இல்லை” என்றார். பழைய பொது அம்புகளைக் கைப்பழக்கம் முடிந்ததும் வேறொருவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். தபால்காரம்மா தன் குழலிலிருந்து மூன்றை உருவி நீட்டினாள்.

“இந்தா. காதுக்கு இழுன்னு சொன்னது நான். உன் அம்பு எவ்வளவு நீளம்னு கேக்காம சொன்னதும் நான்தான்.”

அந்த அம்புகள் அவள் உயரத்துக்கும் அவளுடைய கனத்த வில்லுக்கும் செய்தவை. இந்த வில்லில் அவை எக்கச்சக்க விறைப்பு, இடப்பக்கம்தான் ஓடும். அவருக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

“வேண்டாமே” என்றார் அவர் மெல்ல. “கை நடுங்குது உனக்கு.”

“நடுங்குதுதான். இப்ப வில்லைத் தொடாம வீட்டுக்குப் போனா, நாளைக்கு வார்டுல போய்க் குழந்தை கையைத் தொடும்போதும் நடுங்கும்.” ரத்தத்தைத் துடைத்து, மைத்துனன் கொண்டுவந்த ஒட்டுத்துணியைத் தானே சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

நடுவரம்மா அவரைக் கைகாட்டி அழைத்தார். “சார், நீங்க இப்படி வாங்க. அவங்க முழுசா இழுத்து நிறுத்தட்டும். நீங்க பாத்து, இடம் இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் ஊதுவேன்.”

முதல் தடவையாக அவருக்கு அந்தப் பொறுப்பு கனத்தது. அளவுகோலை எத்தனையோ சன்னலில் வைத்திருக்கிறார். எங்கும் உள்ளங்கை இப்படி வியர்த்ததில்லை. அவள் தபால்காரம்மாவின் அம்பைப் பூட்டினாள். இழுத்தாள். வாயோரம், கன்னம், காது. அவர் பக்கவாட்டில் குனிந்து, வில்லின் முன்பக்கத்தைப் பார்த்தார். முனை, விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. அவர் மீண்டும் பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார்.

“ஏங்க, தோள் விழுந்துடும். சொல்லித் தொலைங்க.”

“இருக்கு” என்றார். “தாராளமா இருக்கு. இறக்கிட்டுத் திரும்ப இழு.”

அவள் தளர்த்தினாள். அவர் விலகினார். ஊதல் ஒலித்தது. அம்பு, தபால்காரம்மாவின் முழு விறைப்போடும் இடப்பக்கம் ஓடி, வைக்கோலின் ஓரத்தில் போய்த் தொங்கியது. புள்ளி இல்லை. கூட்டத்தில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். மைத்துனன், “அத்தான், பக்கத்துத் தெருக்காரங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடட்டுமா?” என்றான்.

அவர் அதைக் கேட்கவில்லை. அவள் இரண்டாவது அம்பை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்தவள், நாணில் பூட்டும் முன் திரும்பி அவரைத் தேடினாள்.

“எங்க போறீங்க? இதுக்கும் பாத்துச் சொல்லுங்க.”

அவர் மறுபடி போய்ப் பக்கவாட்டில் குனிந்தார். நாண் கன்னத்தைக் கடந்து காதை நோக்கிப் போயிற்று. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு முனையைத் தேடினார்.

இருந்தது.